சந்தனப் புடவையில் ஒரு புள்ளி

என் கேமராவின் சென்சாரில் ஒரு தூசி ஒட்டியிருப்பது எனக்கு இரண்டு மாதமாகவே தெரியும். படத்தின் இடது மேல் மூலையருகே, சாம்பல் நிறத்தில், கடுகளவு. கோபுரத்துக்கு மேலே உள்ள வெறும் வானத்தில்தான் அது நன்றாகத் தெரியும். நான் செய்தியாளனாக இருக்கும் பத்திரிகைக்குப் படம் அனுப்பும் முன் கணினியில் அந்த இடத்தை ஒரு தட்டில் அழித்துவிடுவேன். பல் துலக்குவதைப் போல அது பழகிவிட்டது.

அமுக்கினால் காற்று வரும் ரப்பர் பந்தால் ஊதிப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர், "ஒரு நிமிஷ வேலைபா, குச்சியில துணி சுத்தி ஒரு இழு இழுத்தா பூடும்," என்றார். நான் ஒப்பவில்லை. வாரண்டி முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வெளியாள் கை வைத்தால் வாரண்டி செல்லாது என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனால் ஒரு நாள் போய்விடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு நெசவாளர் ஒரு புடவையைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். உடல் முழுக்க வெறும் சந்தன நிறம், அரக்கு பார்டர். சென்னையில் ஒரு அம்மா தன் மகள் கல்யாணத்துக்காகச் சொல்லி நெய்தது. படத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். நெசவாளர் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் புடவையை விரித்தார்கள். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று எடுத்தேன். ஓரம் முதல் ஓரம் வரை தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துளையை நன்றாகச் சிறிதாக்கினேன். துளை சிறிதானால் தூசியின் நிழல் அழுத்தமாக விழும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அவசரம் என்றதால் கணினிக்குப் போகாமல் கேமராவிலிருந்து நேராகப் போனுக்கு மாற்றி நெசவாளருக்கு அனுப்பினேன். போன் திரையில் புள்ளி என் கண்ணில் படவில்லை.

நான்கு நாள் கழித்து நெசவாளரும் அவர் மனைவியும் புடவையோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"இன்னொரு வாட்டி எடு சார். கறை பூடுச்சான்னு பார்க்கணும்," என்றார் நெசவாளர்.

"என்ன கறை?"

"அந்தம்மா போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்துட்டு, எண்ணெக் கறை இருக்குது, வேணாம்ட்டாங்க. முந்தியிலேர்ந்து ரெண்டு சாண் தள்ளி. பெட்ரோல் போட்டு தேச்சிருக்கேன்."

"கறையே இல்ல சார்," என்றார் மனைவி. "வெயில்ல வெச்சி நானும் பார்த்தேன், இவரும் பார்த்தாரு. நம்ம கண்ணுக்கு தெரியாதது கேமராவுக்கு தெரியும்னு சொல்லிக்கினு, குந்திக்கினு தேச்சாரு மனுசன்."

புடவையை விரிக்கச் சொன்னேன். இந்த முறை முந்தி எதிர்ப் பக்கத்தில் விழுந்தது. எடுத்துத் திரையைக் காட்டினேன். புள்ளி இப்போது பார்டரை ஒட்டி இருந்தது.

"ஐயோ, எடம் மாறிக்கினு இருக்குது!" என்றார் மனைவி.

கேமராவைத் திருப்பி என் வீட்டு வெள்ளைச் சுவரை எடுத்தேன். சுவரிலும் இருந்தது. அதே மூலை, அதே கடுகு.

அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "போங்க. அந்த சுவத்துக்கும் பெட்ரோல் போட்டுட்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தேய்த்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வளையம். அதன் நடுவே பட்டு மங்கி, இழைகள் விலகியிருந்தன. இல்லாத கறையைத் தேடித் தேய்த்து ஒரு கறையை உண்டாக்கியிருந்தார். விபத்து நடந்த இடங்களுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். எல்லாமே நடந்து முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவை. இந்த முறை நடத்தியவன் நான். "தூசி என் கேமராவுல" என்று இருவரிடமும் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகச் சென்னைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "சென்சார் டஸ்ட் வாரண்டில வராது சார். கிளீனிங் தனி," என்றார். தூசி எப்போதுமே வாரண்டியில் வராதா என்று கேட்டேன். "எப்பவுமே வராது சார். அட்டைக்குப் பின்னால போட்டிருக்கே." திருப்பிப் பார்த்தேன். போட்டிருந்தது. நாள் முழுக்கச் செய்திகளைச் சரிபார்க்கிறவன், இரண்டு மாதம் காப்பாற்றிய அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. இருபது நிமிடத்தில் துடைத்துக் கொடுத்தார்கள். ரசீதில் 'பழுது எதுவும் இல்லை' என்று குறித்திருந்தது.

வெளியே நின்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நெசவாளர்தான் எண் கொடுத்திருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ முதல்ல கறை இல்ல. இப்போ இருக்கு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"நீங்க சொல்றத நம்பறேன். ஆனா தெரிஞ்சிக்கிட்டே இத என் பொண்ணுக்கு எப்படிக் கட்டறது, நீங்களே சொல்லுங்க."

அதே போல இன்னொன்று நெய்யச் சொல்லலாமா என்று கேட்டேன். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றார். கடையில் வேறு எடுத்தாகிவிட்டதாம்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். புடவையை நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நான் தனி ஆள் என்பது தெருவுக்கே தெரியும்.

"எடுத்துக்கினு போயி? கேமராவுக்கு கட்டி உடுவீங்களா?" என்றார் மனைவி. ஆனால் உள்ளே போய்ப் புடவையை மடித்து எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது வளையம் இருந்த பக்கத்தை உட்புறமாகத் திருப்பினார்.

நெசவாளர் தறிக்குழியில் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. தறியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"பாவு நூல்ல ஒரு இழை அறுந்தாகூட மிதிக்கறப்பவே எனக்கு தெரியும் சார். அன்னிக்கி வெயில்ல நாலு வாட்டி பார்த்தேன். கறை இல்லன்னு எனக்கு தெரியும். தெரிஞ்சிக்கினே எதுக்கு சார் தேச்சேன்?"