செட்டில் ஆனவரின் பெட்டி

அறந்தாங்கிப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பையனைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால் போதும், பெண் வீட்டில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவார்கள். ஒன்று குணம். அது எல்லாப் பையனுக்கும் தங்கம்தான். இன்னொன்று, ‘குவைத்ல செட்டில்’. என்னைப் பார்க்க வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். காப்பித் தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, செட்டில் என்றால் என்னம்மா என்று கேட்டேன். “நல்லா இருக்காருன்னு அர்த்தம்டி, பேசாம இரு” என்றாள் அம்மா.

நன்றாக இருந்தவர் கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் திருச்சியில் விமானம் ஏறினார். ஏறும்போது, “கொஞ்சம் செட்டில் ஆனதும் வந்துடுறேன்” என்றார். ஏற்கெனவே செட்டில் ஆனவர் என்றுதானே கட்டிவைத்தார்கள், இன்னும் எங்கே போய் ஆகப்போகிறார் என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சந்தேகத்தோடுதான் குடும்பம் நடத்தினேன், பெண்ணைப் பெற்றேன், வீடு கட்டினேன்.

வீடு கட்டும்போது அந்த வார்த்தை சுவரிலேயே வந்து உட்கார்ந்தது. பால் காய்ச்சி ஆறு மாதம்கூட ஆகவில்லை, கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லைங்க, புதுக் கட்டடம் செட்டில் ஆகுது. கொஞ்சம் விரியத்தான் செய்யும்” என்றார். ஒரு வீடு செட்டில் ஆனால் விரிசல் விடும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். மனிதர் ஆனால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்கவில்லை.

நான் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் எல்.கே.ஜி. வாசலில் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் டைப் அடிக்கக்கூட முடியாது. அழுகிற பிள்ளையைவிட அதிகமாக அழுகிற தாயிடம் மிஸ், “ஒரு வாரத்துல செட்டில் ஆயிடுவான், நீங்க போங்க” என்பார். உண்மையில் அந்தப் பிள்ளை செட்டில் ஆவதில்லை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதை நான் மிஸ்ஸிடம் சொன்னபோது, “ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்க்கா” என்றார். இருக்கட்டும்.

என் மாமனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொத்தையெல்லாம் செட்டில்மெண்ட் எழுதினார். எழுதிய பிறகு அவருக்கு எந்த வீட்டில் கட்டில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வாய்க்கால் தகராறில் சித்தப்பா மக்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி செட்டில் பண்ணினார்கள். இன்றைக்கும் ஒருவர் டீக்கடைக்குள் நுழைந்தால் இன்னொருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். திருமயம் பக்கம் பஸ்ஸில் போனால் தெரு நீளத்துக்குப் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும். பக்கத்து சீட்காரரிடம் கேட்டால், “எல்லாரும் மெட்ராஸ்ல செட்டிலுங்க” என்பார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்லியும், இந்த வார்த்தையைச் சொன்ன ஒருவர்கூட என்றைக்கு, எப்போது என்று ஒரு தேதி சொன்னதில்லை. தேதி இல்லாத பேச்சை நான் நம்பமாட்டேன்.

அப்படி இருக்கையில் போன வருஷம் ஒரு நாள் என் வீட்டுக்காரர் போன் பண்ணி, “வந்துடுறேன், ஒரேயடியா. ஊர்லயே செட்டில் ஆயிடலாம்னு இருக்கேன்” என்றார். ஏ.சி. மெக்கானிக். மொட்டைமாடி வெயிலில் நின்று நின்று முட்டி போய்விட்டது என்றார். நான் சரி என்றேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் குவைத்திலிருந்து யார் வந்தாலும் தெரு கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. அவர் வந்த ஆட்டோ வாசலில் நின்றதுமே அடுத்த வீட்டு அக்கா கேட்டுவிட்டார்.

“என்ன தம்பி, லீவுல வந்தீகளா, கேன்சல்ல வந்தீகளா?”

“விசா கேன்சல்தாங்க்கா. இனி போகலை.”

“அப்ப செட்டிலுன்னு சொல்லுங்க!”

அவர் சிரித்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். கையில் அந்தப் பெரிய சாம்பல்நிறப் பெட்டி. விமானக் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு கைப்பிடியில் அப்படியே இருந்தது. ஒரேயடியாக வந்தவர் அதைப் பிய்த்து எறிந்திருக்கமாட்டாரா?

அன்றிலிருந்து நான் பெட்டியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

லீவுக்கு வருகிறபோதெல்லாம் அது கட்டிலுக்கு அடியில் இருக்கும். இந்த முறையும் அங்கேயே போய் உட்கார்ந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்து, முட்டி வலியில் ஒரு முனகல் முனகி, பெட்டியை இழுத்து ஜிப்பைத் திறப்பார். ஒரு கைலி, ஒரு சட்டை எடுப்பார். ஜிப்பை மூடி உள்ளே தள்ளுவார். பல் துலக்கும் பிரஷ்கூட ஒரு சின்னப் பையில் போட்டு அதற்குள்தான். பாஸ்போர்ட்டும் அதற்குள்தான். நான் துவைத்துக் காய்ந்த துணியை மடித்து, எப்போதும் போலப் பெட்டிமேல் வைப்பேன். அவர் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார். ஒரு வாரம் இது நடந்தால் சரி. மாதக்கணக்கில் நடந்தால் என்ன அர்த்தம்? கிளம்புவதற்கு ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற மனுஷன் என்றுதானே?

பெட்டி மட்டும் இல்லை. குவைத் சிம் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் போன் வந்தால் எழுந்து வாசல் கேட் பக்கம் போய், பாதி இந்தியும் பாதி அரபியுமாகப் பேசுவார். கேட்டால், “கூட இருந்த பயலுக, நலம் விசாரிக்கிறாய்ங்க” என்பார். நலம் விசாரிக்க எதற்கு வாசல் வரைக்கும் போகவேண்டும்? பிரிட்ஜைத் திறக்கும் முன், “மோர் எடுத்துக்கவா?” என்று கேட்பார். தன் வீட்டில் மோர் எடுக்க எந்த ஆம்பளை கேட்பான்? விருந்தாளிதான் கேட்பான்.

திருச்சியில் காலேஜ் படிக்கிற என் மகள் வாரக்கடைசியில் வந்தாள். சமையலறையில் என் காதோரமாகக் கேட்டாள்.

“என்னம்மா, அப்பா செட்டில் ஆயிட்டாங்களா?”

“பொட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு, போயிப் பாரு.”

“அதுக்கென்ன?”

“துணியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. எனக்கென்னமோ சரியாப் படலை.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “கேட்டுட வேண்டியதுதானே?” என்றாள். கேட்கலாம்தான். கேட்டு, ஆமாம், ஒரு நல்ல விசா வந்திருக்கு என்று அவர் சொல்லிவிட்டால்? அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. அவர் போகக்கூடாது என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒவ்வொரு லீவு முடிவிலும் ஊறுகாயும் முறுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, ஜம்பமாக வாசலில் நின்றிருக்கிறேன். அவர் இருக்கவேண்டும் என்கிற ஆசை அந்த ஜம்பத்துக்குள் எங்கேயோ மாட்டிக்கிடந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. சாவி எப்போதும் போல அடுத்த வீட்டில். அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மாதிரி நின்றார்.

“என்னத்தா, நீ சொல்லவே இல்லையே. தம்பி பொட்டியத் தூக்கிக்கிட்டு ஆட்டோல போனாரு. லீவு முடிஞ்சிருச்சா?”

“கேன்சல்ல வந்தவருக்கு ஏதுக்கா லீவு?” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி இல்லாத தரை மட்டும் தெரிந்தது. போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் சொன்னாள். மறுபடி போட்டேன். மறுபடியும் அவளே சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் நினைத்தது சரியாகிவிட்டது என்கிற ஒரு கேடுகெட்ட திருப்திகூட வந்தது. விளக்கு வைக்கிற நேரம், கூட்டிப் பெருக்கவேண்டும். விளக்குமாறை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேருகிறவரை வீடு கூட்டக்கூடாது. கூட்டினால் திரும்பி வருகிற தடமும் அழிந்துவிடும் என்பார்கள். அவர் விமானம் ஏறுகிற நாளிலெல்லாம், போய் இறங்கிவிட்டேன் என்று போன் வருகிறவரை நான் துரும்பைக்கூடத் தள்ளியதில்லை. இப்போதும் என் கை தானாகவே விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவைத்தது. சொல்லாமல் போனவருக்கு இதெல்லாம் எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டு, குப்பை கிடந்த கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோ சத்தம் கேட்டது. அவர் வந்தார். கையில் பெட்டி.

“ஏன் லைட்டைப் போடாம உக்காந்திருக்கே?”

“எங்க போயிட்டு வாரீக?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம், பை தைக்கிறவர்ட்ட. ஜிப்பு போயிருச்சு. கைவேலையா இருக்கேன், உக்காருங்கன்னாரு, உக்காந்துட்டேன். போன்ல சார்ஜும் போயிருச்சு.”

“பொட்டியில இருந்த துணியெல்லாம்?”

“வாஷிங் மெஷின்கிட்ட ஒரு போர்வையில கட்டி வச்சிருக்கேனே, பாக்கலையா?”

எட்டிப் பார்த்தேன். மூட்டை இருந்தது. உள்ளே நுழையும்போதே கண்ணில் பட்டதுதான், அழுக்குத் துணி என்று விட்டுவிட்டேன். அவர் புது ஜிப்பை ஒருமுறை இழுத்துக் காட்டினார். அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

“லீவுக்கு வர்றப்ப தாங்குச்சு. இப்ப தெனமும் தொறந்து மூடுனா தாங்குமா?”

இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. “ஒரேயடியா வந்தவருக்கு எதுக்குங்க பொட்டி? எதுக்கு அதைச் சரிபண்ணணும்?” என்று கேட்டேவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். கோபமே இல்லை.

“வேற எங்க வைக்கிறது?” என்றார்.

எழுந்து அறைக்குள் போனேன்.

ஹேண்ட்பேக்கிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டு என்னுடையது, புடவைகள். கீழ்த் தட்டு மகளுடையது. நடுத் தட்டு நிறைய அவர் அனுப்பியவையும் கொண்டுவந்தவையும். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்பளி, அட்டைப்பெட்டியோடு சென்ட் பாட்டில்கள், கோடாலித் தைலம், டார்ச் லைட், சோப்புக் கட்டிகள். சோப்பு வாசனையே போய்விட்டிருந்தது. அவர் வந்து செட்டில் ஆனதும் எடுத்துப் புழங்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் பத்திரமாக அடுக்கிவைத்தேன். அந்தத் தட்டில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடம் இல்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கென்று இந்த வீட்டில் ஒரு தட்டு ஒதுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லீவில் வருகிறவருக்குப் பெட்டி போதும். அவருக்கும் அது பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். கம்பளியைத் தொட்டு, “இது நான் மொதல் லீவுல கொண்டாந்ததுல்ல? இன்னுமா இருக்கு?” என்றார். எல்லாவற்றையும் இறக்கிப் புது ஜிப் போட்ட பெட்டியில் போட்டேன். அந்தக் கம்பளியை மட்டும் உறையைக் கிழித்துக் கட்டிலில் விரித்தேன். போர்வை மூட்டையை அவர் தூக்கிவந்தார். கைலி, சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாக அவர் கொடுக்க, நான் அடுக்கினேன். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதையும் வாங்கிக் கைலிகளுக்கு அடியில் வைத்தேன்.

“போவாதீங்க” என்றேன்.

“எங்க?” என்றார்.

பீரோவைச் சாத்தினேன். அப்புறம் விளக்கைப் போட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன்.

மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது டிபன்பாக்ஸை எடுக்க மறந்தது ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். அறைக்குள் அவர் பீரோவுக்கு முன்னால் இடுப்பில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியிருந்தது. நேற்றுச் சாத்தும்போது பழக்கத்தில் பூட்டியிருக்கிறேன். சாவி என் ஹேண்ட்பேக்கில்.

“போன் பண்ணியிருக்கலாம்ல?”

“சாயங்காலம் வந்துருவேல்ல, அதுவரைக்கும் நேத்துக் கட்டுன கைலியவே கட்டிக்கலாம்னு பாத்தேன்” என்றார்.

பையைத் துழாவிச் சாவியை எடுத்துப் பீரோவில் செருகினேன். அன்றிலிருந்து அது பீரோவிலேயே தொங்குகிறது.