எட்டாவது நட்சத்திரம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எனக்கும் தம்பிக்கும் இடையில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. தம்பிக்கு அது தெரியாது. அவனுக்கு அப்போது ஒரு வயது.

சண்டை ஒரு படத்தைப் பற்றியது. ரொறன்ரோவில், மோர்னிங்சைட் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் எங்கள் வீடு. உலக நாடுகளின் கொடிகள் எல்லாம் அச்சடித்த பெரிய தாள் ஒன்றை நான் அடம்பிடித்து வாங்குவித்து, குசினியில், சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டுவித்திருந்தேன். அதில் இலங்கைக் கொடியின் மேல் மட்டும், வாழைப்பழத்தில் ஒட்டி வருகிற சின்ன ஸ்ரிக்கர் ஒன்று அடிக்கடி முளைக்கும். நான் கதிரையில் ஏறி நின்று நகத்தால் சுரண்டி எடுப்பேன். இரண்டு நாளில் இன்னொன்று வந்துவிடும். சிலவேளை அப்பிள் ஸ்ரிக்கர், ஒருமுறை கிவி. வீட்டில் ஸ்ரிக்கர் பைத்தியம் தம்பிதான். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்ப்பாதி, அம்மாவின் செருப்பு, தன்னுடைய தொப்புள் என்று எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மா பார்க்காத நேரத்தில் இரண்டு தடவை அவனைக் கிள்ளியும் இருக்கிறேன்.

எனக்குப் பிழையான எதையும் கண்டால் இருப்புக் கொள்ளாது. கோணலாகத் தொங்குகிற படம், மூடி மாறிப் போட்ட போத்தல், யாரோ தப்பாக எண்ணிய எண்ணிக்கை, எதுவென்றாலும் எழும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை. அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே களைப்பு வரும். "ஒரு இடத்திலை இரன் பிள்ளை, தலை சுத்துது" என்பார். நான் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எதிர்வீட்டில் லூசியா. வெனிசுவேலாவிலிருந்து மூன்று வயதில் வந்தவள், என்னுடைய வகுப்பு. அவளுடைய அப்பா வீடுகளுக்குக் குளியலறை மாபிள் பதிக்கிற வேலை செய்தார். ஆறடி உயரம். முழங்கையில் எப்போதும் சீமெந்துத் தூள் இருக்கும். அவரை அங்கிள் என்று கூப்பிடவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அவர் அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டுவிட்டார். எங்கள் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து யார் என்று கேட்க முன்னரே "அங்கிள்!" என்று தன்னைத்தானே அறிவிப்பார்.

அந்த வருஷம் ரீச்சர் வகுப்பை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, சோடிக்கு ஒரு தென்னமெரிக்க நாட்டைத் தந்தார். அந்த நாட்டின் கொடி, அதன் மாநிலங்களின் கொடிகள், பழைய காலத்துக் கொடிகள் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் வரைந்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் முன்னிலையில் பேசவேண்டும். எனக்கும் லூசியாவுக்கும் வெனிசுவேலா. மஞ்சள் பட்டை அகலமாக இருக்கிற ஆதிகாலத்துக் கொடியை நான் வரைந்தேன். லூசியா தன் அப்பாவின் மாநிலமான சூலியாவின் கொடியை வரைந்தாள். மேலே நீலம், கீழே கறுப்பு, நடுவில் சூரியன், அதன் குறுக்கே ஒரு மின்னல். அவர்களுடைய ஏரிக்கு மேலே அநேக இரவுகளில் மின்னிக்கொண்டே இருக்குமாம். மின்னல் எந்தப் பக்கம் சரியவேண்டும் என்று அங்கிள் பக்கத்தில் இருந்து மூன்று தடவை அழிப்பித்து வரைவித்தார். பிழை பொறுக்காத இன்னொரு மனிதர் என்று எனக்கு அவரில் மதிப்புக் கூடியது.

அந்த வெள்ளிக்கிழமை காலை லூசியா ஒரு சோளமாப் பைக்குள் மடித்து வைத்து உண்மையான துணிக்கொடி கொண்டுவந்தாள். மஞ்சள், நீலம், சிவப்பு. நீலத்தில் வளைவாக வெள்ளை நட்சத்திரங்கள். பள்ளிக்கூட மண்டபச் சுவரில் அதைக் குத்தியவுடன் நான் எண்ணினேன். ஏழு. திரும்பவும் எண்ணினேன். ஏழுதான். எங்கள் அட்டையில் எட்டு, புத்தகத்தில் எட்டு, குசினித் தாளிலும் எட்டு. லூசியாவிடம் சொன்னேன். அப்பாவின் கொடி அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் தோளைக் குலுக்கினாள். ஒன்று கழன்று விழுந்திருக்கும் என்றேன். அவளுக்கு அதில் அக்கறை இல்லை. அன்று மாலை தான் ஸ்பானிய மொழியில் சொல்லப்போகிற ஒரேயொரு வரியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் கொடிக்கு முன்னால் நின்று பேசுவதைப் படம்பிடித்து ஊரில் இருக்கிற அவளுடைய பெரியப்பாவுக்கு அனுப்புவதற்காக அங்கிள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருவதாக இருந்தது.

அன்று முழுவதும் அந்த ஏழு என்னைப் பிடுங்கித் தின்றது. கணக்குப் பாடத்தில் எனக்கு எட்டுத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் லூசியா உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போனாள். மேசை அடுக்க நான் நின்றுவிட்டேன். ரீச்சரின் மேசையில் எழுத்துப்பிழைக்குப் பூசுகிற வெள்ளை மை இருந்தது. கதிரையைக் கொண்டுபோய் வைத்து ஏறி, வளைவின் வலது கரையில் ஒரு நட்சத்திரம் போட்டேன். ஐந்து முனையும் திறமாக வந்தது. வளைவு மட்டும் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கீழே இறங்கி நின்று பார்த்தபோதுதான் அன்று முதன்முதலாக ஒழுங்காக மூச்சு வந்தது.

அங்கிள் வேலை உடுப்போடு வந்தார். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, அதன் வழியே பார்த்தார். பிறகு அதைத் தாழ்த்தினார். கிட்ட வந்து விரலால் அந்த நட்சத்திரத்தைத் தொட்டார். யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் காதோடு ஒட்டக் கையை உயர்த்தினேன். பாராட்டுக்காகத்தான்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கொடியை மடித்து, மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். லூசியா வெறும் சுவருக்கு முன்னால் நின்று பேசினாள். அந்த ஸ்பானிய வரி வந்தபோது வாசலைப் பார்த்தாள். பிறகு வரியைப் பாதியில் விட்டுவிட்டு அழத் தொடங்கினாள். நான் செய்தது எதுவோ பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது. எது பிழை என்பதுதான் விளங்கவில்லை.

பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலையிலிருந்து நேரே வந்த அப்பா, மின்னுகிற மஞ்சள் வேலைச்சட்டையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். காரில் ஏறியதும் கேட்டார்.

"என்ன பிள்ளை செய்தனி?"

"புத்தகத்திலை எட்டுத்தான் அப்பா. நான் சரியாத்தான் போட்டனான்."

"சரிதான். ஆனா உது அவரின்ரை கொடியல்லோ."

வீட்டுக்கு வந்தும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கதவில் இருக்கிற கண்ணாடித் துளை வழியாக எதிர்க்கதவைப் பார்ப்பதும், திரும்பி வருவதும், மறுபடி போய்ப் பார்ப்பதுமாக இருந்தேன். எதிர்க்கதவு திறக்கவேயில்லை. லூசியா இனி என்னோடு பேசவே மாட்டாள் என்று பயந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. காய்ச்சல் என்றாலும் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிற அப்பா அன்று என்னை மறித்துவிட்டார். தானே போய் எதிர்க்கதவைத் தட்டினார். "மை டோட்டர், மிஸ்டேக். கிவ் மீ. ஐ கிளீன்" என்றார். அங்கிள் கொடியைக் கொடுக்கவில்லை. கொடியோடு தானும் கூடவே வந்தார்.

அம்மாவின் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் பஞ்சும் குசினி மேசைக்கு வந்தன. அப்பா முதலில் ஓரத்து மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, சாயம் கழலுகிறதா என்று பார்த்தார். பிறகு நட்சத்திரத்துக்குக் கீழே பழைய துணி ஒன்றை விரித்து, அமத்தி அமத்தி ஒற்றினார். அங்கிள் எதிரே இருந்து மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"செவன்?" என்று அப்பா விரல்களைக் காட்டிக் கேட்டார்.

"செவன்."

"ஓகே. செவன்."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் ஏழு என்று அப்பா கேட்கவே இல்லை. எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. அந்த எட்டாவதைச் சேர்த்த ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல்தான் அங்கிள் நாட்டை விட்டு வந்தார் என்பதும், விமான நிலையத்தில் அவருடைய அண்ணன் கையில் திணித்துவிட்ட கொடி அது என்பதும் எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகு லூசியா சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்தத் திங்கட்கிழமையே அவள் என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள். அவள் என்னைவிட நல்லவள். யூனியன்வில்லில் இருக்கிற அவளுடைய வீட்டில் அந்தக் கொடி இப்போதும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் நீலத்தில் ஒரு மங்கல் தெரியும். நான் போகிறபோதெல்லாம் உற்றுப் பார்ப்பேன்.

நட்சத்திரம் முக்கால்வாசி போன நேரத்தில் அங்கிள் தலையை நிமிர்த்தி முதுகை நெளித்தார். அப்போது சுவரில் இருந்த கொடித்தாள் அவருடைய கண்ணில் பட்டது. வாழைப்பழ ஸ்ரிக்கரைக் காட்டி, இது எந்த நாடு என்று என்னிடம் கேட்டார். ஏதாவது ஓர் உதவி செய்து நல்ல பெயர் எடுக்கத் துடித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதும். கதிரையில் ஏறினேன். இது தம்பியின் வேலை, எத்தனை தடவை எடுத்தாலும் திரும்ப ஒட்டுகிறான் என்று சொல்லிக்கொண்டே ஸ்ரிக்கரை உரித்தேன். கீழே வாளேந்திய சிங்கம் இருந்தது. இலங்கை, என் அப்பா அம்மாவின் நாடு என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்பாவின் கை பஞ்சோடு அப்படியே நின்றது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிள் சிங்கத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அங்கே தம்பி நாலு காலில் தவழ்ந்து வந்து, மேசைக்காலைப் பிடித்து எழும்பப் பார்த்து, தொப்பென்று இருந்துவிட்டான்.

அங்கிள் எழுந்து வந்தார். என் விரல்நுனியில் இருந்த ஸ்ரிக்கரை மெதுவாக வாங்கினார். அவருக்குக் கதிரை தேவைப்படவில்லை. இருந்த இடத்திலேயே அதை வைத்து, மாபிள் பதிக்கிற கைகளால், ஒவ்வொரு ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அப்பா குனிந்து, மிச்ச நட்சத்திரத்தை ஒற்றத் தொடங்கினார்.

அங்கிளும் தம்பியின் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கதிரையால் இறங்கி, போகிற போக்கில் தம்பியை இன்னொரு தடவை கிள்ளிவிட்டுப் போனேன்.