அப்படி யாரும் இங்கே இல்லை

முதியோர் இல்லத்தின் துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது.

சொந்த நாட்டில் அவளுக்குப் பெயர் சைரன். அறுவை சிகிச்சை வார்டின் ஒரு கோடியில் நின்று அவள் கூப்பிட்டால், மறுகோடியில் மயக்கத்தில் கிடப்பவன்கூட "இதோ வரேன்" என்பான். இங்கே வந்தபின் சைரன் ஊமையாகிவிட்டது. இங்கே அவள் நர்ஸ் இல்லை, உதவியாள். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், ஊசியைத் தொட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்நாட்டு நர்சிங் கவுன்சில் அவள் அனுபவத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்யும்வரை இந்தக் கதிதான்.

"உங்க பழைய வார்டுக்குப் போன் பண்ணோம்மா," என்றார் கவுன்சில் அதிகாரி, துக்கம் விசாரிக்கிற குரலில். "அப்படி யாரும் இங்க வேலை பார்த்ததே இல்லைன்னுட்டாங்க."

"சார், என்ன சொல்றீங்க?"

"பொய் அனுபவம்னு பதிஞ்சுட்டா இனி நீங்க விண்ணப்பிக்கவே முடியாது. நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கறேன். அதோட சரி."

போர்வை கையிலிருந்து நழுவியது. கருவிகளைக் கொதிக்கவைக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்பு மணிக்கட்டில் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அப்படியென்றால் வேலை பார்த்தது கனவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. முன்பு ஒருவன் சின்ன நர்ஸ் ஒருத்தியைக் கேட்டு வார்டுக்கு ஓயாமல் போன் போட்டுத் தொல்லை கொடுத்தான். அன்றைக்கு ஒரு சட்டம் பிறந்தது: யார் எந்த நர்ஸைக் கேட்டாலும், அப்படி யாரும் இங்கே இல்லை. புதுப் பெண்கள் ஊசி போடப் பழகுமுன் இதைத்தான் பழகினார்கள். சட்டம் போட்ட மகராசி இவளேதான்.

வார்டுக்குப் போன் போட்டாள். ஒரு புதுக் குரல் எடுத்தது. இவள் தன் பெயரைச் சொன்னாள்.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க."

"ஏம்மா, அந்த இல்லாதவளே நான்தான்."

"எல்லாரும் ஏதாவது கதை சொல்லித்தாங்க கூப்பிடறாங்க. வெச்சுடறேன்."

"போனை வெச்சே, தொலைச்சுப்புடுவேன். பெரிய சிஸ்டரைக் கூப்பிடு!"

அலமாரிக் கதவு அதிர்ந்தது. வராந்தாவில், காது கேட்காத தாத்தா ஒருவர் திரும்பிப் பார்த்தார். மறுமுனையில் ஏதோ தட்டு விழுந்து உருண்டது.

"அடியே சைரன், நீயா?" பெரிய சிஸ்டர் போனைப் பிடுங்கியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் சிஸ்டர் மெல்லச் சொன்னார்: "அந்த ஆளுகிட்ட நான்தான்டி சொன்னேன். அடிச்சுச் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டான், ரெண்டு தடவையும்."

"நல்லா இருங்க சிஸ்டர். நாளைக்கு அவர் கூப்பிட்டா உண்மையைச் சொல்லிடுங்க."

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். குரலில் நேற்றைய துக்கம் இல்லை. அடிபட்ட களைப்பு இருந்தது.

"உங்க சிஸ்டர் முதல்ல நான் யாருன்னு நிரூபிக்கச் சொன்னாங்க. என் அடையாள அட்டையை அனுப்பச் சொன்னாங்க. எங்க ஆபீசுக்கே போன் பண்ணி, இப்படி ஒருத்தர் அங்க இருக்காரான்னு விசாரிச்சாங்க."

"அப்புறம் சார்?"

"அப்புறம்தான் உங்களைத் தெரியும்னாங்க. பதிவு பண்ணிடறோம்மா."

மடித்த போர்வைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தாத்தா வாசலில் வந்து நின்றார். "நேத்து கத்தினது நீதானே? இன்னொரு தடவை கத்து. காதுக்கு நல்லா இருந்துச்சு."

வாயைத் திறந்தாள். கத்தக் கோபம் மிச்சமில்லை; காற்றுதான் வந்தது.