தவமணி அக்கா அன்று சபையில் பேசினாரா?

தவமணி அக்கா போய்விட்டார்... ஞாயிறு காலை, வீட்டிலேயே.

அப்போது கட்டிலருகே இருந்தவர்கள்: கணவர் சேகர் அண்ணன், மகள் தர்ஷினி, பக்கத்து வீட்டு பரீதா ராத்தா, நான். வேறு யாருமில்லை. "கட்சித் தோழர்கள் சூழ" என்று யாரோ போஸ்ட் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பந்தல் போட்ட பிறகுதான் வந்தார்கள்.

தெரியாதவர்களுக்காக... அக்கா எங்கள் ரோட்டில் தையல் வேலை செய்தவர். ஒரு தவணை எங்கள் நகரத்தின் சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

அதுவும் அவர் தேடிப் போனதில்லை. பெண்களுக்கு இத்தனை இடம் என்று சட்டம் வந்ததும் கட்சிக்காரர்களுக்கு அவசரமாக ஒரு பெண் பெயர் தேவைப்பட்டது. நான் சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறேன், இருவர் வந்து வாசலில் நின்றார்கள்.

"பேரு மட்டும் குடுங்க அக்கா. சும்மா லிஸ்டுக்குத்தான், நீங்க எங்கயும் போக வேண்டியதில்ல."

வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுக்காமலே தலையாட்டினார். கடைசியில் கட்சிக்குக் கிடைத்த சீட் அந்த லிஸ்டிலிருந்துதான் அக்காவுக்கு விழுந்தது. போகத்தான் வேண்டியிருந்தது.

முதல் நாள் போய்வந்து சொன்னதெல்லாம் மண்டபச் சுவரில் இருக்கும் பழைய தலைவர்களின் பெயர்ப் பலகையைப் பற்றித்தான்.

"மேல பூரா வெள்ளக்கார தொரமாரு பேரு. பொறகு நம்ம நாட்டு ஐயாமாரு. பொம்பள பேரு ஒண்ணு கூட இல்லடி. எங்கப்பாவுக்கு ஓட்டே இருந்ததில்ல... நான் போயி அங்க உக்காந்து டீ குடிச்சிட்டு வந்திருக்கேன்."

அவருடைய அப்பா யட்டவத்தைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து, இந்திய வம்சாவளி என்று பிரஜாவுரிமை கிடைக்காமலே கண் மூடியவர்.

ஏதாவது பேசினீர்களா என்று கேட்டேன்.

"எங்க பேசுறது? லைட்டு, தண்ணி ஓடுற கான், குப்ப... எல்லாத்தையும் ஆம்பளைங்களே பேசி முடிச்சிட்டாங்க."

என்னைச் சீண்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பினால், "அம்மன்கிட்ட எல்லாத்தையும் கேக்குற, மேயர்கிட்ட ஒண்ணு கேக்க மாட்டேங்குற" என்பார்.

இப்போது என் குழப்பம் இதுதான்.

அந்தத் தவணையில் ரோட்டோரப் பைப்புகளைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர் லைன் இருக்கிறது, ரோட்டுப் பைப்புக்கு சபை ஏன் பில் கட்ட வேண்டும் என்ற பேச்சு.

ஆனால் எங்கள் சந்தியில் இருக்கும் பைப்பில்தான், சுடலைக்குப் போய் வருகிறவர்கள் கைகால் கழுவுவார்கள். அதன் பிறகுதான் வீட்டுப் படி ஏறுவார்கள்.

கூட்டம் முடிந்து அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"தண்ணி குடு மொதல்ல."

குடித்துவிட்டுச் சொன்னார். "கேட்டுட்டேன். சுடலையில இருந்து வர்ற சனம் எங்க கால் கழுவுறதுன்னு கேட்டேன். ஒருத்தரும் மூச்சு விடல."

அவ்வளவுதான். பைப்பைக் கழற்ற யாரும் வரவில்லை. இன்றும் இருக்கிறது.

நேற்று அக்காவைத் தகனம் செய்துவிட்டு வந்தவர்களும் அங்கேதான் கழுவினார்கள். அப்போது, அக்காவோடு சபையில் இருந்த, இன்றும் உறுப்பினராக இருக்கும் ஒரு ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்...

"இந்தப் பைப்ப கழட்ட விடாம நிப்பாட்டுனது நான் தங்கச்சி. கழட்டுறதுக்கு ஒங்க அக்காவே கைய ஒசத்துனாங்க."

"பேசுறதுக்கு ஒசத்தியிருப்பாங்க ஐயா."

"எங்க பேசுனாங்க? ஒரு வார்த்த பேசல."

பரீதா ராத்தாவிடம் சொன்னேன். "அவரு பொய் பேசுற மனிசன் இல்ல புள்ள" என்றார். பிறகு, "தவமணியும் பொய் பேசுறவ இல்லயே..." என்றார்.

தர்ஷினிக்கு ஒன்றும் தெரியாது. சபைக் கதை எதையும் அம்மா வீட்டில் பேசியதில்லையாம்.

இன்று சபை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி எனக்கு கோல் எடுத்தார். தர்ஷினிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

"வியாழக்கிழமை கூட்டத்துல அக்காவுக்கு அனுதாபப் பிரேரணை இருக்கு மிஸ். குடும்பத்துல இருந்தும் வந்து உக்காரணும். அவங்க செஞ்ச வேல ஒண்ணு சொல்லுங்க... கட்டுனது, தொறந்து வெச்சது."

"இருந்த ஒண்ண, சந்திப் பைப்ப, கழட்ட விடாம வெச்சாங்க தம்பி."

"அத எப்பிடி மிஸ் எழுதுறது? பழைய கூட்டக் குறிப்பப் பாத்தேன், பைப் பிரேரணை பிற்போடப்பட்டதுன்னு ஒரு வரிதான் இருக்கு. யாரு பேசுனாங்கன்னு இல்ல. பஸ்ஸுக்கு நிக்கிற பஸ் ஹோல்ட் கட்டுனதுன்னு போடட்டுமா?"

சேகர் அண்ணனிடம் கேட்டேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பஸ் ஹோல்ட்டு அவ கட்டல. இல்லாதத வாசிக்கிறதுன்னா நான் அங்க வரல."

பைப் கதையைச் சொல்லவா என்றேன். "அது நெசமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்...

என்ன சொல்வது? வீட்டுக் கணக்கில்கூட நிச்சயமில்லாத ஒன்றை நான் எழுதுவதில்லை. வியாழக்கிழமை வாசிப்பதுதான் சபைப் பதிவில் அக்கா பெயரோடு நிற்கப்போகிறது. எல்லா உறுப்பினர்களுக்கும் முன்னால், அந்த ஐயாவும் இருக்கும்போது, அண்ணன் காதில் விழப்போகிறது.

விளக்கேற்றி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா கை உயர்த்தியது எதற்கு? பேசவே இல்லை என்றால் என்னிடம் ஏன் அப்படிச் சொன்னார்? அல்லது பேசியது அந்த ஐயாவுக்குக் கேட்கவில்லையா? ஒன்றும் தெளியவில்லை...

அன்று கடை லைசன் விஷயமாக வந்த சிலர் பார்வையாளர் பக்கம் இருந்ததாக அக்கா சொன்ன ஞாபகம். பல்லேபொல ஊர் ஆட்களும் இருந்தார்களாம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அங்கே இருந்தீர்களா?

கேள்விப்பட்டது வேண்டாம். காதால் கேட்டது மட்டும்.

போய் வாருங்கள் அக்கா... அம்மன் காலடியில் இளைப்பாறுங்கள்.

அவர் பேசவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாளை பின்னேரத்துக்குள் இன்பொக்ஸில் பதில் போடுங்கள்.