மேஸ்திரி நடை

உத்திரமேரூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்பில் ஒரு பெண் காலை இழுத்து நடந்தால், "பாம்பு கடிச்சுதா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சிட்டம்மாளுக்குப் பாம்பால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவளைக் கெடுத்தது கரும்பு. லோடு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து சரிந்த கட்டுகள் இடது இடுப்பில் விழுந்தன. எலும்பு கூடியது, ஆனால் தன் இஷ்டத்துக்குக் கூடியது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது.

அதற்குமுன் இருபது வருஷம் கரும்பு வெட்டியவள். தை பிறந்தால் மேஸ்திரி பச்சமுத்து ஆள் எடுக்க வருவார். கேள்வி கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "அந்தக் கொடத்த எட்தா" என்பார். தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருவதைப் பார்ப்பார். அவ்வளவுதான் தேர்வு. அவர் எதிரில் இருமக்கூடாது, இடுப்பில் கை வைக்கக்கூடாது. மேஸ்திரி முன்னால் நொண்டினால் வருஷம் பூரா அடுப்பு நொண்டும் என்பது குடியிருப்பில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். காய்ச்சலோடு நிமிர்ந்து நடந்தவர்கள் உண்டு. ஐந்து மாத வயிற்றை முந்தானையில் மறைத்து நடந்தவர்களும் உண்டு.

அடிபட்ட பிறகு இரண்டு தை அவளை யாரும் கூப்பிடவில்லை. நூறு நாள் வேலையில் மண் வெட்டக் குனிய முடியவில்லை. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் அதே வேலையில் தண்ணீர் கொடுக்கிற ஆளாக இருக்கலாம், மாத உதவியும் வரும். அட்டைக்கு ஊனம் நாற்பது சதவீதம் வேண்டும். சிட்டம்மாளுக்கு வேண்டியது அந்த நாற்பதுதான்.

ஐப்பசியில் உத்திரமேரூரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அட்டைக்கான முகாம் போட்டார்கள். வாசலில் 'அனைவருக்கும் சம வாய்ப்பு' என்று பேனர். சமமாக நடத்தப்பட வேண்டுமானால் சமமில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சபைக்குத் தகுதி இல்லாதவர் யார் யார் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர்; பட்டியல் போடுவது இங்கே புதிதல்ல.

மகள் தமிழ்ச்செல்வி கம்பெனிக்கு லீவு போட்டு அழைத்துப் போனாள்.

"ம்மா, அங்க போயி வீரம் காட்டாத. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

"போடி, எனக்குத் தெரியாதா."

ஆனால் கிளம்பும்போதே சிட்டம்மாள் மருந்துக்கடை வலி மாத்திரை இரண்டை விழுங்கி, பழைய புடவைத் துணியால் இடுப்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆபீசர்கள் எதிரில் அலங்கோலமாகப் போய் நிற்க முடியுமா?

மகளை வெளியே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா" என்றார். கண் அவள் காலிலேயே இருந்தது. சிட்டம்மாள் நடந்தாள். குடம் ஒன்றுதான் குறை.

"கீழ குந்துவீங்களா?"

"குந்துவேன் சார்." குந்தினாள். உயிர் போய் வந்தது.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"வேலை செய்ய முடியுதா?"

"இன்னா வேலை குடுத்தாலும் செய்வேன் சார்."

"பரவால்லம்மா, நல்லாவே தேறிட்டீங்க" என்று மனசார வாழ்த்தி, முப்பத்திரண்டு என்று எழுதினார்.

வெளியே தமிழ்ச்செல்வி தாளை இரண்டு தடவை படித்தாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு வந்த உள்ள?"

"நடக்கச் சொன்னாரு, நடந்தேன்."

"நொண்டலியா?"

"எதுக்குடி நொண்டணும்? காலையே பாத்துக்கினு கீறாரு. நொண்டினா எவன் வேலை குடுப்பான்?"

"இங்க நொண்டினாதாம்மா குடுப்பாங்க."

திரும்பும்போது மாத்திரை வேகம் இறங்கிவிட்டது. கண்டக்டரும் மகளுமாகத் தூக்கித்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். அதைப் பார்க்க டாக்டர் அங்கே இல்லை. தமிழ்ச்செல்வி மறுபரிசோதனைக்கு மனு எழுதிப் போட்டாள். கூப்பிடுவோம் என்றார்கள்.

தையில் பச்சமுத்து வந்தார். சிட்டம்மாளும் வரிசையில் நின்று, குடம் எடுத்து நடந்தாள். நாலடி வைப்பதற்குள் அவர் கையை உயர்த்திவிட்டார்.

"வேணாம் சிட்டம்மா. இடுப்பு போச்சு உனுக்கு."

அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை.

சிட்டம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். "டாக்டரே எய்திக் குடுத்துகீறாரு மேஸ்திரி. எனுக்கு ஊனம் பத்தாதாம்."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மீதி அறுபத்தெட்டு நல்லாத்தான் கீதுன்ற."

வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"ஆளும் பத்தல. சரி, ஏறு."

இரண்டு பெண்கள் அவளை டிராக்டரில் இழுத்துப் போட்டார்கள்.

மறுபரிசோதனைக் கடிதம் மாசியில் வந்தது. தமிழ்ச்செல்வி மேஸ்திரிக்குப் போன் செய்தாள். வெட்டு நடக்கும்போது நடுவில் ஆளை அனுப்ப முடியாது, சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முகாம் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒழுங்காக நடந்தது. மூன்று முறை பெயர் கூப்பிட்டார்கள். 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதி மனுவை முடித்தார்கள்.

சிட்டம்மாள் அன்று கரும்புத் தோட்டத்தில், மாத்திரை போட்டுக்கொண்டு, தோகை அள்ளிக்கொண்டிருந்தாள்.