கிளமென்டின் ஈரச் சட்டை

ஆலய வாசல் குழாயில் கைக்குட்டையை நனைத்து, சட்டைப் பையை ஒற்றி, கைமடிப்புகளையும் ஒற்றிவிட்டுத்தான் கிளமென்ட் உள்ளே வருவார். சித்தூர்ச் சபை சும்மா விடுமா? "நம்ம கிளமென்ட் ஆர்.சி.ல சேந்துட்டான் பா! வாசல்ல தீர்த்தம் தொட்டுக்கினுதான் வரான்." கத்தோலிக்கப் பழக்கம் என்றதும் பரம்பரைப் புராட்டஸ்டண்டு ரத்தம் கொதித்தது. விசாரிக்கப் போனேன். மதமாற்றம் என்றால் எங்கள் பத்திரிகைத் தொழிலில் நாக்கு ஊறும்.

மாறியது மதமல்ல, வேலை. திருப்பதிக்கு அப்பால் ஒரு புது ஆலை. கரும்புச் சர்க்கரைப் பாகில் ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தி, பாட்டில் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் எடுக்கிறார்கள். வாசல் பலகையில் பச்சை இலை, பூமிக்கு நல்லதாம். பாகை அப்படி மாற்றும் வினையூக்கி ஒரு கறுப்பு நிக்கல் தூள். தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் தீக்குச்சி தேவையில்லை, தானே பற்றிக்கொள்ளும்.

"ஈரமா கீறவரைக்கும் சாது, சார். காஞ்சா சாத்தான்," என்றார் கிளமென்ட்.

கூட வேலை செய்யும் சுனில் கழற்றிப் போட்ட, தூள் ஒட்டிய கையுறை குப்பைத்தொட்டியில் தானாக எரிந்தது. நிர்வாகம் விரைந்து செயல்பட்டது: புதுத் தொட்டி வாங்கியது. அடுத்து, வீட்டில் கிளமென்ட் ஆணியில் மாட்டிய சட்டையின் பை புகைந்தது. அதற்கு நேர் கீழே மகள் கேசியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எல்லாம் ஈரம். செருப்பு, பர்ஸ், நகக்கண் வரை. எனக்குப் போட்ட நாற்காலியும் ஈரம். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"காய்ஞ்ச துணிய மறுபடி நனைக்குது இந்த மனுஷன். ஊரெல்லாம் வெயிலு, எங்கூட்ல மட்டும் டெய்லி மழ," என்றார் மனைவி யூனிஸ்.

"நைனா, நான் காஞ்சிபூட்டா பத்திக்குவேனா?" என்றாள் கேசியா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவள் பின்னலைத் தொட்டுப் பார்த்தார்.

பிள்ளை தப்பியதற்குக் கர்த்தர் காத்ததைக் கணவர் சபையில் எழுந்து சாட்சி சொல்வார் என்று யூனிஸ் நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்திருக்கிறார். அது இன்னும் நிறைவேறவில்லை. ஏன் என்றேன்.

"சாட்சின்னா தப்பிச்சாச்சின்னு அர்த்தம், சார். நாளைக்கும் ட்யூட்டி கீதே."

இந்த ஞாயிறு போதகர் கிருபானந்தம் சாட்சி சொல்ல வரும்படி பெயர் சொல்லியே கூப்பிட்டார். சபை முழுவதும் திரும்பியது. கிளமென்ட் எழுந்து மைக்கை நோக்கி நடந்தார். பாதியில் கை சட்டைப் பைக்குப் போனது. அவ்வளவு நேரம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

மைக்கைப் பார்த்தார். பையைப் பார்த்தார். வந்த வழியே திரும்பி வெளியே ஓடினார். குழாய் திறக்கும் சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது.