எட்டாத கழுத்து

பகல் வேலை பார்த்த ஒருகொடவத்தைச் சரக்கு முற்றத்தில் கொள்கலன் கதவு ஜெயகுமாரின் இடக்கைச் சுண்டுவிரலை நசுக்கியது. கொட்டாஞ்சேனைக் கல்யாண இசைக்குழுவொன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கிட்டார் வாசித்து வந்தவன் அவன். விரலை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியபின் பழைய கிட்டாரை எடுத்தால், அதன் நீண்ட கழுத்தில் மற்ற விரல்கள் அழுத்தவேண்டிய இடங்களுக்கு எட்டவில்லை.

மனைவி நிஷாந்தி கழுத்துக் குட்டையான கிட்டார் ஒன்றைத் தேடி வாங்கிவந்தாள். அதில் விரல் எட்டியது. ஆனால் கைக்குப் பழைய இடைவெளிதான் பழக்கம். ஒவ்வொரு தடவையும் விரல் சரியான இடத்தைத் தாண்டிப்போய் விழுந்தது. ஐந்து மாதம் விடாமல் பழகினான்.

வெள்ளவத்தைக் கல்யாண மண்டபமொன்றில் மறுபடி மேடையேறினான். இரண்டு பாட்டு நன்றாகவே போயின. மூன்றாவதில், அவன் தனியாக வாசிக்கும் இடத்தில், விரல்கள் பழைய தூரத்துக்கே ஓடின. சுருதி பிசகியதும் மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். குழுவை நடத்தும் யோகராஜ் ஒலிக்கலவைப் பெட்டியில் அவனுடைய கிட்டாரின் சத்தத்தை அடைத்துவிட்டார். அடுத்த பாட்டில்தான் ஜெயகுமாருக்கு அது விளங்கியது. சனம் பார்த்துக்கொண்டிருந்ததால், சத்தம் வராத கிட்டாரைச் சிரித்த முகத்தோடு கடைசிவரை வாசித்தான்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது யோகராஜ் பக்கத்தில் வந்தார்.

"குமார், வாற கிழமைக்கு வேற ஆளைக் கேட்டிருக்கிறன். கோவிக்காதை."

"ஓம் அண்ணை," என்றான் ஜெயகுமார். "பிசகினது எனக்கும் கேட்டதுதானே."